மணலெழுத்தும் மொழிபெயர்ப்பும்: ஆங்கிலம் கற்பித்த பழைய முறைகள்

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை பட்டாபிராம் வழியே செல்கிறது. மறு ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1969இல் இவ்வூரில் நிறுவப்பெற்ற இந்துக் கல்லூரி, அதே பாதையில் ஒரு நிலையத்திற்கே பெயர் தந்தது. இருப்புப்பாதை ஆங்கிலம் அறிந்த எழுத்தர்களை வேண்டியது. பல்கலைக்கழகம் ஆங்கிலம் அறிந்த பட்டதாரிகளை ஆக்கியது. அம்மொழியைத் தமிழ்ப் பிள்ளைகள் எம்முறையில் கற்றனர் என்பது கல்வி வரலாறு மட்டுமன்று. நம் இலக்கிய வரலாறும் ஆகும்.

பழைய முறை என்றாலே பிரம்பும் பொருளறியா ஒப்புவித்தலும் என்று எள்ளுவது வழக்கமாகிவிட்டது. அந்த எள்ளலில் பாதி உண்மையே உண்டு.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்மக்களுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், 'மலபார்' பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டார். மலபார் என்பது தமிழரைக் குறிக்கவும் அக்கால ஆங்கிலேயர் வழங்கிய சொல். தம் ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஆங்கில எழுத்துகளைக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலின்வழி இது 'மெட்ராஸ் முறை' எனப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி, இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே அழைக்கப்படுகிறது. திண்ணை மணல் ஆங்கில நாட்டுக் குழந்தைகளுக்கும் எழுத்தறிவித்தது.

எழுத்தைத் தாண்டிய நிலையில் கோலோச்சியது இலக்கண மொழிபெயர்ப்பு முறை. மாணவன் ஒரு வாக்கியத்தை வாசிப்பான். பெயர், வினை, உருபிடைச்சொல் எனப் பகுப்பான். சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் உரைப்பான். பின்னரே உண்மையான வேலை தொடங்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கும் வினை, தமிழில் இறுதிக்கு வர வேண்டும். முன்னிற்கும் உருபிடைச்சொல் வேற்றுமை உருபாகிப் பெயரின் பின் ஒட்ட வேண்டும். பின்தொடரும் துணைவாக்கியம் பெயரெச்சமாகி முன்னே நகர வேண்டும். ஆங்கிலம் கற்பவன் தன்னையறியாமலே தமிழ்த் தொடரமைப்பையும் கற்றான்.

பயன் கண்கூடு. 1823இல் தோன்றிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடம் ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே பயிற்றியது. 1841இல் வெளிவரத் தொடங்கிய இருமொழி இதழான 'உதயதாரகை'யை அங்குப் பயின்றோரே நடத்தினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அம்மடத்து மாணாக்கரே. அவருள் தாமோதரனார் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து முன்சீப்பாக உயர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1862இல் ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார். 1879இல் முதல் தமிழ் நாவலை அளித்தார். தமிழ் உரைநடை வலுப்பெற்ற பட்டறைகளுள் மொழிபெயர்ப்பும் ஒன்று.

குறைகளை மறைத்தல் தகாது. செவியும் நாவும் பயிற்சி பெறவில்லை. விதிகளைப் பிழையறச் சொன்னவன் ஆங்கிலேயர்முன் பேச நாவெழாது நின்றான். பெருங்கூட்ட வகுப்புகளில் முறை சிதைந்து உரைநூல் நெட்டுருவாயிற்று. 1950களில் சென்னை மாநிலத்தில் புகுந்த அமைப்புமுறை, வாக்கிய வார்ப்புகளை வாய்மொழியாகப் பயிற்றியது. தாய்மொழியைக் கூடியவரை விலக்கியது. அதுவும் இயந்திரப் பயிற்சியாகக் கண்டு, என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், செயல்வழிக் கற்பிக்கும் பெங்களூர்த் திட்டத்தை நடத்தினார். உலக மொழிக்கல்வியில் அது பெரிதும் பேசப்பட்டது.

முறைகள் மாறியது நன்றே. ஆயினும் நெட்டுருவை விலக்கப் புகுந்தோர் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே விலக்கினர். இரு மொழிகளும் வகுப்பறையில் எதிரெதிர் அமர்ந்து உரையாடிய வாய்ப்பு அதனால் குறைந்தது. மொழிபெயர்ப்பை வகுப்பறைக்கு மீட்க வேண்டுமென ஆங்கில நாட்டு அறிஞர் கை குக் 2010இல் ஒரு நூலே எழுதினார். நம் முன்னோர் பட்டறிவால் கண்டதை மேலைப் புலமை மீண்டும் எண்ணிப் பார்க்கிறது.

பிறமொழிக் கவிதையொன்றைத் தமிழாக்க முயலும் கவிஞனுக்கு இது எளிதில் விளங்கும். வினையை எங்கே நிறுத்துவது, எச்சத்தை எங்கே முடிப்பது என்று அவன் தயங்கும் இடத்தில்தான் தன் மொழியின் ஆற்றலைக் காண்கிறான். அத்தயக்கத்தை மாணவர்க்கும் அளிப்பதே பழைய முறையிலிருந்து நாம் மீட்கத்தக்க செல்வம். ஆங்கிலம் கற்கும் பிள்ளையின் கையில் தமிழும் கூர்மை பெறுமாயின், இழப்பு எம்மொழிக்கும் இல்லை.