ஒருவருக்கென்றே ஓர் ஊசி

குடலிலிருந்து பரவிவிட்ட புற்றுக்கட்டியின் சிறு துண்டு ஒன்றில்தான் ‘கிரானைட்’ தடுப்பூசி பிறந்தது. உருவாக்கியது கலிபோர்னியாவின் எமரிவில் நகரிலிருந்த கிரிட்ஸ்டோன் நிறுவனம். தடுப்பூசி என்று பெயரே தவிர, நோயை வராமல் தடுப்பதற்கானது அல்ல. வந்துவிட்ட நோயை உடம்புக்குக் காட்டிக்கொடுப்பதற்கானது.

பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள், நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களின் கடிவாளத்தை அவிழ்ப்பவை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் கெட்டுப்போன கட்டிகளில் அவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனால், பரவிய பெருங்குடல் புற்றுநோயில் அந்த வகை நூற்றுக்கு ஐந்துதான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மற்ற வகையினர் ஒருவருக்குக்கூடக் கட்டி குறிப்பிடும்படி சுருங்கவில்லை. எதிரியைத் தெரிந்த டி செல்லே இல்லாதபோது கடிவாளத்தை அவிழ்த்து என்ன பயன்? அந்த எதிரியை அடையாளம் காட்டத்தான் கிரானைட்.

துண்டின் மரபணுக்களைப் படித்து, கட்டியில் மட்டுமே உள்ள பிறழ்வுகளில் டி செல்லின் கண்ணில் படக்கூடியவற்றைக் கணினி பொறுக்கியது. அதிகபட்சம் இருபது. அவற்றைச் சிம்பன்சி அடினோவைரஸில் ஏற்றியது முதல் ஊசி. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் எம்ஆர்என்ஏவில் ஏற்றியவை அடுத்த ஊசிகள். சிம்பன்சி வரை போனதற்குக் காரணம் உண்டு: மனித அடினோவைரஸ்களைப் பலரது உடல் முன்பே அறியும், வந்ததும் ஒழித்துவிடும். இத்தனையும் முடியப் பல வாரங்கள். அதுவரை நோயாளிக்குக் கீமோ. ஊசியோடு, கடிவாளம் அவிழ்க்கும் மருந்துகளான இபிலிமுமாப் தோலுக்கடியிலும், அட்டிசோலிசுமாப் நரம்பிலும் ஏறின. இவருக்காகச் செய்த ஊசியைப் பக்கத்து நோயாளிக்குப் போட முடியாது. செலவு எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் முதற்கட்ட முடிவுகள் வந்தன. டி செல்கள் எழுந்தன; சிலர் எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் வாழ்ந்தார்கள்; அவர்களின் ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏ குறைந்திருந்தது. அந்த டிஎன்ஏவையே அடுத்த சோதனையின் அளவுகோலாக வைத்தார்கள். அங்கேதான் சறுக்கியது. ஊசி இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடமும் டிஎன்ஏ குறைந்ததால், 2024 ஏப்ரலில் வெளியான முதல் முடிவில் ஊசி முந்தியதாகத் தெரியவில்லை. நோய் முற்றாமல் நின்ற காலம் ஊசிக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் ஆட்கள் குறைவு, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. முதலீட்டாளர்கள் காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது.

ஊசி தோற்றது என்று நான் எழுத மாட்டேன்; வென்றது என்று எழுதவும் கையில் ஆதாரம் இல்லை. அதைத் தீர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கவே இல்லை.