தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்

பினாங்குக்குப் போக எனக்குப் பிடித்த வழி, கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் ஏறினால் பேருந்து நேராகத் தீவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்தான். ஆனால் கடல்வழியாக வருகிறவர்களுக்குத்தான் ஜார்ஜ்டவுன் முகம் காட்டும்.

ஃபெரியை விட்டு இறங்கி வெல்ட் கீ பக்கம் வந்தால், கடிகாரக் கோபுரத்தோடு ஒரு பழைய வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. இன்று அது சுங்கத்துறை அலுவலகம். நூறு வருடங்களுக்கு முன் ரயில் நிலையம். ஆனால் தண்டவாளமே கிடையாது! இங்கே டிக்கெட் வாங்கி, படகேறி, அக்கரையில் பிறைக்குப் போனால் அங்கே ரயில் நிற்கும். பட்டர்வொர்த் நிலையமே 1967இல்தான் வந்தது. டிக்கெட், படகு, ரயில் மூன்றையும் ஒரே பயணமாக யோசித்திருக்கிறார்கள். பொறியியல் படித்த எனக்கு இதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை.

ஊருக்குள்ளும் அப்படித்தான். 1906இல் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. ஆயர் ஈத்தாம்வரை அதில் போகலாம். 1923இல் கொடிமலை ரயிலும் சேர்ந்துகொண்டது. 1936இல் டிராம் நின்றது, 1961இல் அதன் இடத்துக்கு வந்த டிராலி பஸ்ஸும் நின்றது. சூலியா தெரு, பினாங்கு சாலையைச் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் மட்டும் மிச்சம். பலர் அதை மிதித்துக்கொண்டுதான் நாசி கண்டார் சாப்பிடப் போகிறார்கள். மற்றபடி பழைய நகரத்துக்குக் கால் போதும். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து குயின் தெருவில் இருக்கும் 1833ஆம் வருட மாரியம்மன் கோயிலுக்குச் சில நிமிட நடைதான்.

இதையெல்லாம் நான் பார்க்கப் போனதற்குக் காரணம் பாட்டி. "எங்கப்பா ரஜூலாவுல வந்து பினாங்குல எறங்குனவரு" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு பெருமை இருக்கும். ஊர் எப்படி இருந்ததாம் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு தீவுல அடச்சி வச்சாங்களாம். அப்பறம் ரயிலு. அப்பறம் தோட்டம்." அவ்வளவுதான்.

அந்தத் தீவு ஜெரஜாக். கப்பல் தளத்தில் வந்த தொழிலாளர்களை நோய்க்குப் பயந்து அங்கே தனிமை முகாமில் வைத்தார்கள். முகாம் முடிந்தால் அக்கரை, பிறை, பேராக் போகும் ரயில். வெல்ட் கீயின் கடிகாரம் அவர்கள் பாதையிலேயே இல்லை. எனக்குப் பொறாமை தந்த அந்த நிலையம் டிக்கெட் வாங்குகிறவர்களுக்காகக் கட்டியது. பூட்டனாரை ஏற்றிப் போக வேறு ஒருவர் இருந்தார்.

திரும்பும்போது வேண்டுமென்றே பேருந்தில் வந்தேன். பாலத்தில் ஏறியதும் வலது பக்கம் ஜெரஜாக். ஓடும் பேருந்திலிருந்து எடுத்த படம், கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுந்தது. பாட்டி ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெறும் காடால்ல இருக்கு. இதுவா பினாங்கு?"

"ஒங்கப்பா பாத்தது இதுதான் பாட்டி."