செய்தியும் உடைமையும்: ஏரிக்கரைப் பத்திரிகைகளின் வரலாறு குறித்துச் சில கருத்துகள்

செய்தி வேறு, கருத்து வேறு என்பது பூர்ஷுவாப் பத்திரிகையியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். தலையங்கத்திற் கருத்துக் கூறலாம், செய்திப் பத்தியில் நடந்ததை மட்டுமே கூறவேண்டும் என்பர். ஆயின், வேலைநிறுத்தமொன்றைப் பயணிகளின் இடர்ப்பாடாகவும் எழுதலாம். தொழிலாளரின் ஊதியக் கோரிக்கையாகவும் எழுதலாம். இரண்டிலும் பொய் இல்லை. எதை முன்வைப்பது, யாரிடம் கேட்பது, எதை விடுவது என்ற தெரிவிலேயே சார்பு தொழிற்படுகின்றது. இத்தெரிவை நிர்ணயிப்பது யாது என்ற வினாவை ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனத்தின் வரலாற்றினூடாக நாம் நோக்கலாம்.

டி. ஆர். விஜயவர்தன 1918 இல் ‘சிலோன் டெய்லி நியூஸ்’ பத்திரிகையை ஆரம்பித்தார். சிங்களத்தில் ‘தினமின’, 1932 முதல் தமிழில் ‘தினகரன்’ ஆகியனவும் அவரது நிறுவனத்தின் வெளியீடுகளாயின. மும்மொழி வாசகருட் பெருந்தொகையினருக்குச் செய்தியைத் தெரிவுசெய்யும் அதிகாரம் இவ்வாறு ஒரு குடும்பத்திடம் குவிந்தது. பத்திரிகைத்துறையைக் கட்டுப்படுத்த முற்பட்ட ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு 1964 டிசெம்பர் 3 இல் பாராளுமன்றத்தில் ஒரு வாக்கினால் தோல்வியுற்றது. அவ்வதிகாரத்தைச் சூழ்ந்து நின்ற நலன்களின் வலிமையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எனினும் உடைமை யாவற்றையும் இயந்திரரீதியாகத் தீர்மானிப்பதில்லை. 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராயிருந்த க. கைலாசபதி, அம்முதலாளித்துவ நிறுவனத்தினுள்ளேயே முற்போக்கு எழுத்தாளருக்குக் களம் அமைத்தார். ஆனால் அக்களம் தனியொருவரின் ஆளுமையைச் சார்ந்தே நிலைத்தது. அதனைப் பாதுகாக்கும் நிறுவன ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

1973 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நிறுவனத்தின் 75 வீதமான பங்குகளை அரசின் சார்பிற் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. பங்குடைமையைப் பரவலாக்குதல் அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அன்றைய ஐக்கிய முன்னணி அரசிற் பங்காளிகளாயிருந்தன. வாக்களிக்கப்பட்ட பரவலாக்கம் நிகழவேயில்லை. அச்சட்டத்தை எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி 1977 இற் பதவியேற்றபின் அதே ஏற்பாட்டைத் தன் வசம் வைத்துக்கொண்டது. 1980 யூலையில், 300 ரூபா ஊதிய உயர்வு கோரிய பொது வேலைநிறுத்தத்திற் பங்குபற்றியோருள் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். உழைக்கும் மக்களின் பெயரால் அரசுடைமையாக்கப்பட்ட பத்திரிகைகள், அவ்வேளையில் அவர்களை வேலைநீக்கிய அரசின் கையிலேயே இருந்தன. பின்வந்த அரசுகளும் அப்பிடியைத் தளர்த்தவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து, அரசுடைமையைச் சமூக உடைமையெனக் கொள்ளுதல் தவறு என்ற முடிவுக்கே நாம் வருகிறோம். தனியுடைமைக்குத் திரும்புவது இதற்குப் பரிகாரமாகாது. விஜயவர்தன குடும்பத்தின் காலம் அதற்குச் சான்று. பத்திரிகையாளர், தொழிற்சங்கங்கள், வாசகர் ஆகியோர் செய்தித் தெரிவைக் கேள்விக்குட்படுத்தும் உரிமை பெற்ற நிருவாக அமைப்பே 1973 இல் விடுபட்ட அம்சமாகும். அதனை மீண்டும் கோரிக்கையாக முன்வைப்பது முற்போக்குச் சக்திகளின் கடனாகும்.