வேட்டை அழைப்பொலியும் குடும்பத் தொழிலும்: சோமனூர்த் தறியை ஒப்புநோக்கி ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்திலுள்ள சோமனூரில் குடும்பத் தொழில் என்றதும் விசைத்தறியே நினைவுக்கு வரும். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும். குடும்பத்தினர் கூலிக்கு நெய்து துணியைத் திருப்பி அளிப்பர். ஒருவர் தறி பார்க்க, மற்றொருவர் தார் சுற்றுவார். வீடே பணிக்களமாகவும் உறவே பணிப்பிரிவாகவும் அமைந்த இம்முறை நெசவுக்கு மட்டும் உரியதன்று. விலங்கையும் பறவையையும் ஒலியாலும் இனத்தாலும் அழைத்துப் பிடிக்கும் வேட்டைத் தொழிலும் அவ்வாறே இயங்கியது. தொழில் வரலாற்றில் அதற்கு இடம் கிடைக்காமை ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பார்வையும் முன்றிலும்

காட்டு விலங்கை ஈர்ப்பதற்காகப் பழக்கப்படுத்திய விலங்கைச் சங்க இலக்கியம் ‘பார்வை’ எனக் குறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. அம்மரநிழல் முன்றிலிலேயே பெண்கள் நில உரலில் புல்லரிசி குற்றுகின்றனர். புறநானூற்று 320ஆம் பாடலிலும் வேட்டுவன் வீட்டு முன்றிலில் பார்வைப் பிணை இடம்பெறுகிறது. வேட்டைக் கருவி காட்டில் அன்றி வீட்டில் பேணப்பட்டது என்பதும், அதனைப் பேணுதல் இல்லப் பணிகளோடு கலந்திருந்தது என்பதும் இவற்றால் உய்த்துணரத்தக்கன.

குரலே கருவி

வாக்ரி போலி என்னும் இந்தோ-ஆரிய மொழி பேசும் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தில் இத்தொழில் மற்றொரு வடிவில் நிலைத்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில், இவர்கள் மறைந்திருந்து நரிபோல் ஊளையிட்டு நரிகளை வரவழைத்துப் பிடித்தமை பதிவாகியுள்ளது. இங்கு மனிதக் குரலே கருவி. அதனைச் செய்யப் பட்டறை வேண்டியதில்லை. பெரியவர்களிடம் கேட்டுப் பழகுவதே அதன் உருவாக்கம். நரித்தோலில் பை செய்தலும், மணி, ஊசி விற்றலும் வேட்டையோடு இணைந்த குடும்ப வருவாய்களாயின.

சட்டமும் தொழில் மாற்றமும்

1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் சில உயிரினங்களை உரிமம் பெற்று வேட்டையாடவும் பொறிவைத்துப் பிடிக்கவும் தொடக்கத்தில் இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிம முறையை நீக்கியது. அருகிவரும் உயிரினங்களைக் காக்க இது இன்றியமையாதது. எனினும் அழைப்பொலியை நம்பிய குடும்பங்களின் தொழிலறிவு ஒருசேரப் பயனிழந்தது. முன்பு துணை வருவாயாக இருந்த மணிகோத்தல் முதன்மைத் தொழிலாயிற்று. கம்பி வளைத்தல், மணிகோத்தல், கோயில் வாயில்களிலும் பேருந்து நிலையங்களிலும் விற்றல் எனப் பணிகள் மாறினும், குடும்பமே உற்பத்தி அலகு என்னும் அமைப்பு மாறவில்லை.

ஏற்பின் இருவேறு நிலைகள்

விசைத்தறியை அரசு தொழிலாகக் கணக்கிட்டது. அதற்கு இரு மாதங்களுக்கு 750 அலகுகளாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 அலகுகளாக உயர்த்தப்பட்டது. கூலி உயர்வுக்காகச் சோமனூர்த் தறியாளர் நடத்தும் வேலைநிறுத்தமும் தொழில் தகராறாகவே பேசப்படுகிறது. நரிக்குறவர்க்கு 2008இல் நலவாரியம் அமைந்தது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தும், அதற்கான சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இவை தேவையான நடவடிக்கைகளே. ஆயினும் தறிக்குடும்பம் உற்பத்தியாளராகவும், மணிகோக்கும் குடும்பம் முதன்மையாக உதவி பெறுவோராகவும் பார்க்கப்படும் வேறுபாடு நீடிக்கிறது.

முடிவுரை

இவ்வேறுபாட்டின் வேர் கருவியில் உள்ளது. தறியை எண்ணலாம், அதற்கு மின் இணைப்பு அளிக்கலாம், கடன் வழங்கலாம். குரலுக்கு இவை இயலா. எனவே ஆவணங்கள் அழைப்பொலியை ஒரு சமூகத்தின் இயல்பாகக் கண்டனவேயன்றிப் பயிற்சியால் ஈட்டிய தொழில்திறனாகக் காணவில்லை. வேட்டை மீண்டும் வேண்டியதன்று. அதற்கு ஆதாரமான ஒலியறிவும் விலங்கு நடத்தை அறிவும் மூத்தோர் வாயிலாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். கொங்குநாட்டின் தொழில் வரலாற்றை எழுதுவோர் தறிக்கூடத்தோடு அவ்வூர்ப் பேருந்து நிலையத்து மணிக்கடையையும் குடும்பத் தொழிலாகக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.