‘குணமடைந்தார்’ என்று எழுதும் உரிமை யாருக்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலை மருத்துவமனை ஆண்டறிக்கைகளில், வெளியேறும் நோயாளியின் நிலையைக் குறிக்கச் சில சொற்களே போதுமானவையாக இருந்தன: குணமடைந்தார், தேறினார், மாற்றமில்லை, இறந்தார். இவற்றைப் பதிந்தவர்கள் சிகிச்சை அளித்த தரப்பினர். பதிந்த நாள், நோயாளி வீடு திரும்பிய நாள். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட ஒருவருக்குச் சில மாதங்களில் அதே இடம் மீண்டும் புடைத்தாலும், ஏட்டில் அவர் குணமடைந்தவராகவே நீடித்தார்.

இவ்வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் முதன்மையானவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869–1940). பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த அவர், தம் முறைக்கு ‘இறுதி விளைவு’ என்று பெயரிட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அறுவைக்கு முந்தைய அறிகுறிகள், மருத்துவர் கணித்த நோய், செய்த சிகிச்சை, நேர்ந்த சிக்கல்கள், ஓராண்டு கழிந்தபின் நோயாளியின் நிலை ஆகியவை அதில் இடம்பெறும். விளைவு நன்றாக இல்லையெனில், அதற்கான காரணமும் எழுதப்பட வேண்டும்.

பதவி உயர்வு பணிமூப்பின்படி வழங்கப்படுவதை எதிர்த்து, காட்மன் 1914இல் அம்மருத்துவமனையிலிருந்து விலகினார். விளைவுகளே தகுதியை முடிவுசெய்ய வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1911இல், சிறு மருத்துவமனை ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். அங்கு 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்று வெளியேறிய 337 பேரின் பதிவுகளில் 123 பிழைகளைக் கண்டறிந்து, அறிவுக்குறை, தீர்ப்புக்குறை, கவனக்குறை, நோயறிதலில் தவறு என வகைப்படுத்தி, தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1915 ஜனவரியில் பாஸ்டனில் கூடிய மருத்துவர் கூட்டத்தில், மணலில் தலைபுதைத்துப் பொன்முட்டையிடும் தீக்கோழியின் கேலிச்சித்திரத்தைத் திரைவிலக்கிக் காட்டினார். உண்மை விளைவுகளை அறிந்தால் செல்வந்தர்கள் மருத்துவர்களை நாடுவார்களா என்பதே அச்சித்திரம் எழுப்பிய கேள்வி. உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் அறுவைப் பிரிவுத் தலைமையிலிருந்து அவர் விலக நேர்ந்தது. ஹார்வர்டில் கற்பிக்கும் பணியும் பறிபோனது.

ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. நோயாளிப் பதிவேடுகளை முறையாகப் பேணுவது உள்ளிட்ட அடிப்படைத் தகுதிகளை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி வகுத்தது. 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளை அது ஆய்ந்தபோது தேறியவை 89 மட்டுமே. 1919இல் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பட்டியலோ பத்திரிகைகளின் கையில் சிக்காதிருக்க எரிக்கப்பட்டது.

காட்மனின் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரே குழுவைப் பார்த்தால் மாற்றம் தெரியும். அம்மாற்றம் அறுவையால் வந்ததா என்பது தெரியாது. 1950களில், இதய வலிக்கு நெஞ்சின் உள்மார்புத் தமனியைக் கட்டும் அறுவை பரவியது; வலி குறைந்ததாக நோயாளிகள் பலர் கூறினர். 1959இல் லியோனார்ட் காப் குழுவினர் 17 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். 8 பேருக்குத் தமனி கட்டப்பட்டது. 9 பேருக்குத் தோல் மட்டும் கீறப்பட்டது. இரு பிரிவினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு தேற்றம் தென்பட்டது. அந்த அறுவை விரைவில் கைவிடப்பட்டது. ஆனால், சிலருக்குப் போலி அறுவை மட்டுமே நடக்கும் என்பது நோயாளிகளிடம் சொல்லப்படவில்லை. இன்றைய ஆய்வறம் அதை ஏற்காது.

ஆகவே ‘குணமடைந்தார்’ என்னும் சொல்லுக்குக் காலம் வேண்டும், ஒப்பீடு வேண்டும், நோயாளியின் இசைவும் வேண்டும். இன்றைய ஆய்வுகளிலும் ஓராண்டுக்குப் பின் திரும்பி வராதவர்களின் கட்டம் வெறுமையாகவே நிற்கிறது. அந்த வெறுமையை வெற்றிக் கணக்கில் சேர்த்துவிட்டால், வெளியேறும் நாளிலேயே தீர்ப்பு எழுதிய பழைய ஏட்டுக்குத்தான் நாம் திரும்பியிருப்போம்.