கண்டறிதலும் இனங்காணுதலும்

சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்குரிய ஓய்மாநாட்டுக் கிடங்கில், இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்டது. அங்கிருந்து விழுப்புரம் வரை ஏரியும் கிணறுமே ஊர்களை வாழவைத்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் கிணற்றடியில் எழும் கேள்வி ஒன்றே: இந்நீரைக் குடிக்கலாமா?

இக்கேள்விக்கு அறிவியல் விடை தேடிய வரலாறு நம் நாட்டு நீர்நிலைகளோடு பிணைந்தது. 1884இல் ராபர்ட் கோக், காலராக் கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமன்றிக் கல்கத்தாவின் குளமொன்றிலும் கண்டார். கிருமியை வளர்த்துப் பார்த்து அறியும் அவர் வழியே பின்னர் நிலைபெற்றது. அதற்கு ஆய்வகம் வேண்டும்; ஒருநாளோ இருநாளோ காத்திருக்கவும் வேண்டும்.

ஆய்வகம் இல்லாத ஊருக்கு 1982இல் ஒரு விடை வந்தது. குவாலியரின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் மஞ்சாவும் உடனுழைத்தோரும் ஒரு சிறு புட்டியை வடிவமைத்தனர். மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும்; அது புட்டியிலுள்ள இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய விடை இது. ஆயினும் கறுப்பு நிறம் மாசு உண்டு என்று எச்சரிக்குமேயன்றி, இன்ன கிருமி என்று பெயர் சொல்லாது.

பெயர் சொல்லும் முறையும் ஒருமுறை தடுமாறியது. காலராக் கொள்ளைநோயைப் பரப்புவது ஓ1 வகை மட்டுமே என்பது அதுவரை பாடம். 1992 அக்டோபரில் சென்னையில் பரவிய கிருமியோ, ஓ1 வகையை இனங்காணும் ஊநீரோடு சேரவில்லை. அதன் மேலுறை மாறியிருந்தது. ஓ139 என்று பின்னர் பெயரிடப்பட்ட அது வங்கம் வரை பரவியது. விழுப்புரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1993இல்.

இனி உயிருணரிக்கு வருவோம். 1962இல் லேலண்ட் கிளார்க், குளுக்கோசை அளக்க நொதியையும் மின்முனையையும் இணைத்தார். அவ்வழியில், கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளோ டி.என்.ஏ. இழையோ ஒருபுறமும், அப்பிணைப்பை மின்குறியாகவோ ஒளியாகவோ மாற்றும் கருவி மறுபுறமும் அமைந்தால், கண்டறிதலும் இனங்காணுதலும் ஒருங்கே, சில மணி நேரத்திலேயே நிகழக்கூடும். இதன் அருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 100 மில்லிலிட்டரில் ஒரே ஓர் ஈ.கோலி இருப்பினும் அது குடிநீராகாது. அத்துணைச் சிறு எண்ணிக்கையை உணர, நீரை முதலில் செறிவாக்கியாக வேண்டும். அன்றியும், ஓ1 எதிர்ப்பொருளை மட்டும் தாங்கிய உயிருணரி 1992இல் இருந்திருந்தால், அது மௌனமாகவே இருந்திருக்கும். தனக்குக் கற்பித்த கிருமியை மட்டுமே அது அறியும்.

ஆகவே புதியது வந்ததென்று பழையதைக் கைவிடுதல் தகாது என்பதே நம் துணிபு. கறுக்கும் புட்டி எதையும் பெயரிடாவிடினும் பொதுவாக எச்சரிக்கும். உயிருணரி அறிந்த பகையை விரைந்து பெயரிடும். அறியாததை வளர்த்துப் பார்க்க ஆய்வகம் வேண்டும். அடுத்த வெள்ளத்தில் மயிலத்துக் கிணறுகளுக்கு இம்மூன்றும் தேவைப்படும்.