பின்சக்கரத்துக்கு என்ன டயர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். நலம் விசாரித்த பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, ஒரு யோசனை கேக்கணும். வண்டியில பின்னாடி ரெண்டு டயரும் தேஞ்சு போச்சு. முன்னாடி ரெண்டும் நல்லா இருக்கு. கடைக்காரர் வேற கம்பெனி டயர் ஒண்ணு பாதி விலைக்குக் காட்டுறாரு. பின்னாடி எப்படியும் சீக்கிரம் தேயத்தானே போகுது, அதையே போட்டுடலாமா?"

அவன் வைத்திருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய பி.எம்.டபிள்யூ 330ஐ. 258 குதிரைத்திறன். எஞ்சின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள்தான். எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் தொடங்கி டி.வி.எஸ். ஃபிஃப்டியோடு நின்றுவிட்டவன். ஆனால் அரசு அலுவலகத்தில் வாகனப் பிரிவில் ஒன்பது வருடம் எழுத்தராக இருந்தேன். டயர் ஃபைல் பார்த்தவர் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால்தான் கேட்டான்.

"வேண்டாம்ப்பா" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதை போனில் சொல்லி முடிக்க இயலவில்லை. அதில் ஒரு நீண்ட சரித்திரமும், இதுவரை நான் எங்கும் எழுதாத என் கதையும் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காலத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளுக்கு டயர் என்பது 'ப்னே'. க்ளெர்மோன்-ஃபெரான் ஊரின் மிஷ்லேன் சகோதரர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் எல்லாம் அந்த டயர் மனிதன் பிபெண்டம் சிரித்துக்கொண்டிருப்பான். காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் டன்லப். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். அதை மோட்டார் காரில் மாட்டி 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் இறங்கியவர்கள் மிஷ்லேன் சகோதரர்கள். வழி நெடுக டியூப் மாற்றி மாற்றி, கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் வந்து சேர்ந்தார்கள். காற்றின் மேல் ஒரு கார் ஓடும் என்பது அன்றைக்கு நிரூபணமானது.

அதன் பிறகு ஐம்பது வருடம் டயரின் உள்கட்டு பெரிதாக மாறவில்லை. ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும். இதுதான் கிராஸ் பிளை. உறுதியானது, மலிவானது. ஆனால் வண்டி வளைவில் திரும்பும்போது டயரின் பக்கச்சுவர் வளைந்தால், தரையைத் தொடும் பகுதியும் அதோடு சேர்ந்து கோணும். பட்டன் முழுதாகத் தரையில் படியாது. சூடும் ஏறும்.

இதை மாற்றியவர் மாரியுஸ் மிஞோல். எஞ்சினியரிங் பட்டம் வாங்கியவர் அல்லர், மிஷ்லேன் கம்பெனியில் அச்சுக்கூடத்து ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு இந்த ஒரு விஷயத்திலேயே அவர்மேல் மதிப்பு உண்டு. நூல்களைச் சாய்க்காமல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடவிட்டு, பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்றைச் சுற்றினார்கள். பக்கச்சுவர் தன் பாட்டுக்கு வளையும், பட்டன் தன் பாட்டுக்குத் தரையில் படிந்து கிடக்கும். 1946 ஜூனில் காப்புரிமை பதிவானது. 1949-இல் 'மிஷ்லேன் எக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று நாம் ரேடியல் என்று சொல்வது இதைத்தான்.

அப்போது சித்ரோயன் கம்பெனியும் மிஷ்லேன் கையில் இருந்ததால், புது டயர் முதலில் சித்ரோயன் கார்களுக்குத்தான் போனது. அவை முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். 1955-இல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் முன்னால் 165 மில்லிமீட்டர் அகல டயர், பின்னால் 155. வேலை செய்கிற சக்கரத்துக்கு அகலமான டயர் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பின்சக்கரம் தள்ளும் செடான்களில் ரேடியலை முதலில் ஏற்றவற்றுள் ஒன்று இத்தாலியின் லான்ச்சியா ஔரேலியா. 1950-இல் வந்த கார், வி6 எஞ்சின். ஆனால் எல்லோரும் உடனே மாறவில்லை. இங்கிலாந்தில் 1959-இல் ஜாகுவார் மார்க் 2 வந்தது. 3.8 லிட்டர் எஞ்சின், 220 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டர் போகும் குடும்பக் கார். போலீஸும் வைத்திருந்தது, வங்கிக் கொள்ளைக்காரர்களும் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது டன்லப்பின் கிராஸ் பிளை.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. கிராஸ் பிளை டயர் பிடி விடுவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, ஓட்டுபவருக்குச் சேதி சொல்லும். அந்தக் காலத்து ரேடியல் அதைவிட அதிகம் பிடிக்கும், ஆனால் விட்டால் ஒரேயடியாக விட்டுவிடும். பலம் மிகுந்த காரில், ஈரச் சாலையில், அதுவும் தள்ளுகிற பின்சக்கரம் அப்படி விட்டால் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும்.

இதற்கு விடை, டயரையும் காரையும் சேர்த்தே வடிவமைப்பது. 1968-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே.6 காருக்காகவே டன்லப் அகலமான ரேடியல் ஒன்றைத் தனியாகச் செய்தது. காரின் சுகத்துக்கும் திருப்பத்துக்கும் பாதிப் பெருமை அந்த டயருக்கு. ஜெர்மனியில் மெர்சிடிஸ் 450 எஸ்.இ.எல். 6.9 வந்தது 1975-இல், 286 குதிரைத்திறனோடு. அதற்கு மிஷ்லேனின் எக்ஸ்.டபிள்யூ.எக்ஸ். டயர். க்ளோத் லெலூஷ் 1976-இல் விடியற்காலைப் பாரிஸ் தெருக்களில் தலைதெறிக்க ஓட்டிப் படம் எடுத்தாரே, அது இந்தக் கார்தான். பின்னால் ஃபெராரி சத்தத்தைச் சேர்த்து நம்மை ஏமாற்றினார்.

வேகம் கூடியபோது டயரின்மேல் எழுத்து வந்தது. எஸ் என்றால் 180 கிலோமீட்டர், டி 190, யு 200, எச் 210, வி 240. பிறகு டபிள்யூ 270, ஒய் 300. எச் ஏன் யு-வுக்கும் வி-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்காதீர்கள். அரசு அலுவலக சீனியாரிட்டி லிஸ்ட் மாதிரி அதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. முதலில் எஸ், எச், வி மூன்றுதான் இருந்தன. மற்றவை பின்னால் வந்து இடையில் நுழைந்தவை.

நல்ல டயரும் தப்பான தேர்வாகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் மிஷ்லேன் டி.ஆர்.எக்ஸ். 1970-களின் நடுவில் வந்தது. அருமையான டயர், ஆனால் அதற்கு மட்டும் பொருந்தும் ரிம்மை மில்லிமீட்டரில் செய்தார்கள். 1985-இல் வந்த முதல் எம்5 காருக்கு, அதுவும் 286 குதிரைத்திறன், இந்த 390 மில்லிமீட்டர் ரிம்தான். உலகம் முழுக்க ரிம்மை அங்குலத்தில் அளந்துகொண்டிருந்தது. டி.ஆர்.எக்ஸ். வழக்கொழிந்தபோது, அந்தக் காரின் சொந்தக்காரர்கள் டயருக்கு அலைந்தார்கள், அல்லது ரிம்மையே மாற்றினார்கள். இன்றைய டயரில் அகலம் மில்லிமீட்டர், ரிம் அங்குலம். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ், எங்கள் ஊர் மாதிரி.

அதே எம்5 வரிசையில் 1998-இல் வந்த காருக்கு 400 குதிரைத்திறன். முன்னால் 245 அகலம், பின்னால் 275. பழைய சித்ரோயனை இங்கே நினைத்துப் பாருங்கள். அதே நியாயம், திசை மட்டும் மாறிவிட்டது. என் மருமகன் காரிலும் முன்னால் 225, பின்னால் 255. செய்தவன் பின்னால் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான். நாம் அங்கே போய்க் குறைக்கலாமா?

இனி என் கதை.

1970-களில் என் சித்தப்பா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தார். அங்கே சொல்தாவாக இருந்தவர், பெழோ 404 வைத்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசும்போது ஒருநாள் சொன்னார்: "ரேடியலையும் பழைய டயரையும் கலக்கவே கூடாதுடா. வேற வழி இல்லாம கலந்தா, ரேடியல் பின்னாடிதான் போகணும். முன்னாடி போட்டேன்னா மூக்கு ரோட்டைப் பிடிச்சுக்கும், வால் பிடிக்காது." எனக்கு அது மறக்கவே இல்லை.

1986-இல் நான் வாகனப் பிரிவில் இருந்தேன். அலுவலக அம்பாசிடருக்கு டயர் வேண்டும். அம்பாசிடரும் பின்சக்கரம் தள்ளும் வண்டிதான், பலம் குறைவு, அவ்வளவே. நான்குக்கும் பணம் இல்லை. இரண்டு ரேடியல் வாங்க உத்தரவானது. அதை முன்னால் மாட்டச் சொன்னார் மேலதிகாரி. ஸ்டீயரிங் முன்னால்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். பின்னால் பாதி தேய்ந்த கிராஸ் பிளையே இருக்கட்டும் என்றார். அப்படியே நோட் எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். சித்தப்பா சொன்னது நினைவில் இருந்தது. ஒரு வரி எழுதியிருக்கலாம். வாய் திறந்து சொல்லியாவது இருக்கலாம். குமாஸ்தாவுக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

அந்த வருடம் நவம்பர் மழையில், திண்டிவனம் சாலையில் ஒரு வளைவில், வண்டியின் பின்பக்கம் சுழன்று புளியமரத்தில் மோதியது. நல்லவேளை, அதிகாரி வண்டியில் இல்லை. டிரைவருக்கு வலது கால் எலும்பு முறிந்தது. மழையில் அதிவேகமாக ஓட்டியதே காரணம் என்று விசாரணை அறிக்கை. அவருக்கு ஒரு இன்கிரிமெண்ட் நிறுத்தப்பட்டது. அந்த உத்தரவை டைப் அடித்ததும் நான்தான். டயரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

ரேடியல் முன்னால், கிராஸ் பிளை பின்னால் என்று மாட்டுவது இங்கிலாந்தில் சட்டப்படியே குற்றம் என்று பின்னாளில் படித்தபோது, அந்த ஃபைல்தான் கண்முன் வந்தது.

அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டு முடித்த பிறகு தனியாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடியே கேட்டுக்கொண்டார். "எனக்கு அன்னிக்கே தெரியும் சார். வண்டி பின்னாடி பிடிக்கல. சொன்னேன், யாரும் எழுதிக்கல" என்றார். எழுத வேண்டியவன் நான்தான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

அதனால்தான் மருமகனுக்கு யோசிக்காமல் "வேண்டாம்" என்றேன். இன்று எல்லாமே ரேடியல்தான், உண்மை. ஆனால் முன்னால் நல்ல பிடியுள்ள டயர், பின்னால் பிடி குறைந்த டயர் என்றால் அது 1986-இல் நான் எழுதிய அதே நோட்தான். அம்பாசிடருக்கே அந்தக் கதி என்றால் 258 குதிரைத்திறனுக்கு என்ன ஆகும்?

மாலையில் மறுபடி போன் செய்து, ஃபைல் படிப்பது மாதிரி டயரைப் படிக்கச் சொன்னேன். முன்டயரில் என்ன கம்பெனி, என்ன மாடலோ, பின்னாலும் அதுவே. அளவு, காருக்குக் கம்பெனி சொன்ன அளவு. வேக எழுத்தும் எடை எண்ணும் காரின் புத்தகத்தில் உள்ளதற்குக் குறையக் கூடாது. கடைசியாக நான்கு இலக்கத் தேதி. 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். அந்தப் பாதி விலை டயரின் எண்ணைப் படித்துச் சொன்னான். கடையில் நான்கு வருடமாகக் கிடந்த சரக்கு. வேக எழுத்தும் ஒரு படி குறைவு.

"மாமா, அது ரெண்டு மடங்கு விலை ஆகுதே" என்றான். அவன் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. நான்கு டயர்தான், ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. என் தங்கையும் பேரப்பிள்ளைகளும் அந்த நான்கு உள்ளங்கை இடத்தின் மேல்தான் தீபாவளிக்குப் புதுச்சேரி வருகிறார்கள். அதைச் சொன்னேன். பிறகு டிரைவர் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் வந்தது. முன்டயர் எதுவோ அதே டயர் பின்னாலும், தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. "மாமா, ஃபைல் அப்ரூவ்டா?" என்று கேட்டிருந்தான். அப்ரூவ்டு என்று எழுதி அனுப்பினேன்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் என்னைப் போலக் கார் ஓட்டாதவர்களாக இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அடுத்த முறை வாசலில் வண்டி வந்து நிற்கும்போது, குனிந்து பின்டயரை ஒருமுறை பாருங்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால், நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிடாமல் சொல்லிவிடுங்கள்.